கூடமும் கோணல், ஆட்டமும் கோணல்

ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். தம் குறையை மறைக்க வேறெதன்மீதோ பழி போடுவோரைப் பார்த்து நம் முன்னோர் நகைத்துச் சொன்ன பழமொழி இது. பரீட்சையில் புள்ளி குறைந்த மகன் வினாத்தாளைக் குறை கூறும்போது தாய் இதைச் சொல்கிறாள். கறி கருகியதற்கு அடுப்பைக் குறை கூறும் பேத்திக்குப் பாட்டி இதைச் சொல்கிறாள். பழமொழி வாயிலிருந்து வந்ததும் வழக்கும் முடிந்துவிடுகிறது. குற்றவாளி வாய் மூடிக்கொள்கிறான்.

ஆனால் இப்பழமொழி ஒரு கேள்வியைக் கேட்பதேயில்லை. அன்று அந்தக் கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்திருந்தால்? ஆடியவளும் சரியாக ஆடவில்லை, ஆடிய தளமும் சரியாக இல்லை என்றால், அவளுடைய முறைப்பாட்டை நாம் என்ன செய்வது? அதைக் கேட்க வேண்டுமா, சிரித்துத் தள்ள வேண்டுமா?

இது வெறும் சொல் விளையாட்டன்று. வாழ்க்கையில் நாம் அடையும் தோல்விகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவைதாம். நமக்கும் அநீதி நடந்திருக்கும். நாமும் பிழை விட்டிருப்போம். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கும் கண் நமக்கு உண்டா என்பதே கேள்வி. உதைபந்தாட்ட உலகம் இதற்கு ஓர் அருமையான உதாரணத்தைத் தந்திருக்கிறது.

புளூம்பொன்ரீனில் நடந்தது

2010ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. தென்னாபிரிக்காவில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில், பதினாறு அணிகள் எஞ்சியிருந்த சுற்றில், இங்கிலாந்தும் ஜேர்மனியும் புளூம்பொன்ரீன் நகரில் சந்தித்தன. ஜேர்மன் கோல் காப்பாளர் மானுவேல் நோயர் நெடுந்தூரம் உதைத்த பந்து இங்கிலாந்தின் காவல் வீரர்களைக் கடந்து விழ, குளோசே அதைக் கோலாக்கினார். சிறிது நேரத்தில் பொடொல்ஸ்கி இரண்டாவது கோலை அடித்தார். 37ஆவது நிமிடத்தில் இங்கிலாந்தின் அப்சன் தலையால் முட்டி ஒரு கோலைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த நிமிடமே பிராங் லம்பார்ட் தூரத்திலிருந்து உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு, கோட்டைத் தாண்டி நன்றாக உள்ளே விழுந்து, மீண்டும் எழும்பி வெளியே வந்தது. நோயர் அதைப் பிடித்து உடனே ஆட்டத்தைத் தொடர்ந்தார். உருகுவே நாட்டு மத்தியஸ்தர் லரியொண்டா கோல் கொடுக்கவில்லை. அவருடைய துணை மத்தியஸ்தரும் கொடி உயர்த்தவில்லை. உலகமெங்கும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த சிறுபிள்ளைகளுக்கும் தெரிந்த ஒன்று, தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்களுக்கு மாத்திரம் தெரியவில்லை.

இரண்டாம் பாதியில் முல்லர் மூன்று நிமிட இடைவெளிக்குள் இரு கோல்களை அடித்தார். முடிவு நான்குக்கு ஒன்று. உலகக் கிண்ணப் போட்டிகளில் இங்கிலாந்து அதுவரை அத்துணை பெரிய தோல்வியைக் கண்டதில்லை.

இரு கட்சிகள்

அன்றிரவே இரசிகர்கள் இரு கட்சிகளாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி சொன்னது: 'அந்தக் கோல் கொடுக்கப்பட்டிருந்தால் இரண்டுக்கு இரண்டு. ஆட்டமே வேறாகியிருக்கும். எங்களைத் தோற்கடித்தது ஜேர்மனியல்ல, மத்தியஸ்தரே.' மற்றக் கட்சி சொன்னது: 'மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றுவிட்டு ஒரு கோலைப் பற்றி அழுகிறீர்களே, வெட்கமில்லையா? அதைக் கூட்டினாலும் நான்குக்கு இரண்டுதானே!'

இரண்டாம் கட்சியின் பேச்சு ஆண்மையான பேச்சாகத் தோன்றும். தோல்வியை ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மை அதில் இருப்பதாகவும் தோன்றும். ஆயினும் அது முழு உண்மையன்று. உதைபந்தாட்டம் கடைக்காரரின் கணக்குப் புத்தகம் அல்ல, ஒரு வரியை மாற்றினால் கடைசித் தொகையில் மாத்திரம் ஒன்று கூடிக் குறைவதற்கு. இரண்டுக்கு இரண்டு என்ற நிலையில் இடைவேளைக்குப் போகும் அணி, பின்தங்கிய அணியைப் போல எல்லாரையும் முன்னே அனுப்பி ஆடத் தேவையில்லை. முல்லரின் இரு கோல்களும் அப்படி முன்னேறிப் போன இங்கிலாந்தின் முதுகுக்குப் பின்னால் பாய்ந்த எதிர்த்தாக்குதல்களில் விழுந்தவை. எனவே அந்த ஒரு தவறு ஆட்டத்தின் போக்கையே மாற்றியிருக்கக் கூடும்.

அதைவிட முக்கியமானது வேறொன்று. பாதிக்கப்பட்டவர் எப்படியும் தோற்றிருப்பார் என்பதற்காக அவருக்கு நடந்த அநீதி சிறிதாகிவிடாது. ஊதாரியின் பணத்தைத் திருடினாலும் திருட்டுத் திருட்டுத்தான். 'எப்படியும் அவன் அதை வீணாக்கியிருப்பான்' என்று திருடனுக்காக வாதாடுவாருண்டோ? தோற்றவன் வாயைத் திறக்கக் கூடாது என்ற நியாயம் எப்பொழுதும் வென்றவனுக்கே வசதியான நியாயமாகும்.

அப்படியானால் முதற்கட்சி சொன்னது சரியா? அதுவும் இல்லை. குளோசேயின் கோலை எண்ணிப் பாருங்கள். எதிரணிக் கோல் காப்பாளர் உதைத்த பந்து, நடுவில் ஒருவரும் தொடாமல், நேரே கோல் அடிப்பவரின் காலுக்கு வந்தது. அங்கே மத்தியஸ்தர் என்ன செய்தார்? பொடொல்ஸ்கி இடது புறத்தில் தனியே நின்றதற்கு எந்தத் துணை மத்தியஸ்தர் பொறுப்பு? இவ்விரு கோல்களும் தவறான தீர்ப்புக்கு முன்னரே விழுந்துவிட்டன. பின்னர் விழுந்த இரண்டும், மறுக்கப்பட்ட கோலின் நிழல் அவற்றில் இருந்தாலும், திரும்பி ஓடிக் காக்கத் தவறிய கால்களாலும் விழுந்தவை. ஆட்டத்துக்குப் பின் பேசிய இங்கிலாந்தின் பயிற்றுநர் கப்பெல்லோ, எதிர்த்தாக்குதல்களின்போது தம் அணியினரும் பிழை விட்டதை ஒப்புக்கொண்டார். ஆனால் மறுக்கப்பட்ட கோலையே பெரிதாகக் காட்டினார். இரசிகர்களோ அவர் ஒப்புக்கொண்டதை மறந்து, குற்றம் சாட்டியதை மாத்திரம் பற்றிக்கொண்டார்கள்.

பொறுப்பு என்பது பாண் அல்ல

இரு கட்சியாரும் செய்த பிழை ஒன்றே. பொறுப்பை அவர்கள் ஓர் இறாத்தல் பாணைப் போல எண்ணினார்கள். பாணை இருவர் பங்கிடும்போது ஒருவர் பெரிய துண்டை எடுத்தால் மற்றவருக்குச் சிறியதே மிஞ்சும். ஆகவே, 'மத்தியஸ்தரின் பிழை பெரிது, எனவே எங்கள் பிழை சிறிது' என்றது ஒரு கட்சி. 'உங்கள் பிழை பெரிது, எனவே மத்தியஸ்தரின் பிழையைப் பேசாதீர்கள்' என்றது மறுகட்சி.

பொறுப்பு அவ்வாறு பங்கிடப்படும் பொருளன்று. மத்தியஸ்தரின் தவறு முழுவதும் மத்தியஸ்தருடையது. காவல் வீரரின் தவறு முழுவதும் காவல் வீரருடையது. ஒன்றை ஒப்புக்கொள்வதால் மற்றது ஓர் அவுன்சும் குறைவதில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர் தம் பாவங்களைச் சொல்லவே போகிறார். அயலவருடைய பாவங்களைச் சொல்லித் தமது பாரத்தைக் குறைக்க அங்கு இடமில்லை என்பது நமது பிள்ளைகளுக்கும் தெரிந்ததே. அதற்காக அயலவர் பாவமற்றவர் ஆகிவிடுவதுமில்லை.

உண்மையான முறைப்பாடுதான் பொய்யான முறைப்பாட்டைவிட ஆபத்தானது என்று எனக்குத் தோன்றுகிறது. பொய்யாகக் கூடத்தைக் குறை கூறுபவளை ஊரார் சிரித்தே திருத்திவிடுவார்கள். கூடம் மெய்யாகவே கோணலாக இருந்துவிட்டால் அவளைத் திருத்த ஒருவராலும் முடியாது. அவள் கூடத்தைக் காட்டிக்கொண்டே இருப்பாள். காண்பவர்களும் ஆமாம் என்று தலையசைப்பார்கள். ஆட்டமோ என்றைக்கும் திருந்தாது. மெய்யான காயம் ஒன்று, மறைக்க வேண்டிய எல்லாவற்றையும் மறைத்துக்கொள்ளும் போர்வையாகிவிடுகிறது.

நமக்குச் சாதகமான தவறு

இங்கிலாந்து இரசிகர்கள் நீதியைப் பற்றிப் பேசியபோது, ஜேர்மனியில் பலர் 1966ஆம் ஆண்டை நினைவூட்டினார்கள். அவ்வாண்டு ஜூலை 30ஆம் திகதி, லண்டன் வெம்பிளி மைதானத்தில் இதே இரு நாடுகளும் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் மோதின. அன்று ஆடியது மேற்கு ஜேர்மனி. மேலதிக நேரத்தில் ஜெஃப் ஹேர்ஸ்ற் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. அது கோட்டைக் கடந்ததா இல்லையா என்பதில் இன்றுவரை வாதம் ஓயவில்லை. சுவிற்சர்லாந்து மத்தியஸ்தர் டீன்ஸ்ற், தம் துணை மத்தியஸ்தரான பக்ராமோவைக் கேட்டுக் கோல் கொடுத்தார். இங்கிலாந்து நான்குக்கு இரண்டாக வென்று கிண்ணத்தைப் பெற்றது. அசர்பைஜான் நாட்டவரான அந்தப் பக்ராமோவின் பெயரில் பாக்கு நகரில் ஒரு விளையாட்டரங்கமே இருக்கிறது.

1966இல் மத்தியஸ்தரின் தீர்ப்பே இறுதியானது என்று கூறியவர்கள், 2010இல் மத்தியஸ்தரின் தீர்ப்பு அநீதி என்றார்கள். 1966இல் அநீதி என்று கூறியவர்களோ, 2010இல் 'ஆட்டத்தில் இதெல்லாம் சகஜம்' என்று புன்னகைத்தார்கள். தோற்கும்போது மாத்திரம் பேசும் நீதியுணர்வு நீதியுணர்வே அன்று. அது நீதியின் உடையை அணிந்துகொண்ட ஆசை. ஒருவரின் நேர்மையை அறிய வேண்டுமானால், அவருக்குப் பாதகமான தீர்ப்பின்போது அவர் எவ்வளவு உரக்கச் சத்தமிடுகிறார் என்று பார்க்க வேண்டாம். அவருக்குச் சாதகமான தவறு நடக்கும்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

'44 வருடக் கணக்குத் தீர்ந்தது' என்று மகிழ்ந்தவர்களும் இருந்தனர். லம்பார்ட் 1978இல் பிறந்தவர். தாம் பிறக்கும் முன்னர் நடந்த ஒன்றுக்கு அவர் எப்படிக் கடனாளி ஆவார்? தாத்தாவின் கடனைப் பேரனிடம் அறவிடும் இந்தக் கணக்கு விளையாட்டரங்கில் நமக்குச் சிரிப்பூட்டலாம். அதற்கு வெளியே இதே கணக்கு எத்தனை குடும்பங்களை, எத்தனை ஊர்களை அழித்திருக்கிறது என்பதை நாம் அறிவோம்.

அறிந்தவர் ஒருவர்

அன்று மைதானத்தில் உண்மையை அருகிலிருந்து கண்டவர் ஒருவர் இருந்தார். பந்து கோட்டைத் தாண்டியது தமக்குத் தெரியும் என்றும், தாம் விரைவாக ஆட்டத்தைத் தொடர்ந்தது மத்தியஸ்தரை ஏமாற்றியிருக்கலாம் என்றும் நோயர் பின்னர் சொன்னார். அவர் என்ன செய்திருக்க வேண்டும்? தீர்ப்பு மத்தியஸ்தருடைய கடமை, ஆடுவதே ஆட்டக்காரர் கடமை என்பது ஒரு பதில். அது வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. எல்லாரும் கைக்கொள்ளும் வழக்கத்துக்கு எதிராக, உலகம் பார்த்திருக்க, ஒரு நொடியில் எழுந்து நிற்பது எளிதன்று. நோயருக்கு அப்போது 24 வயதுதான்.

எளிதன்று; ஆனால் முடியாததுமன்று. அதே ஆட்டத்தில் முதற்கோலை அடித்த குளோசே, 2012ஆம் ஆண்டு இத்தாலியில் லாற்சியோ அணிக்காக நாப்போலிக்கு எதிராக ஆடினார். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் பந்து அவர் கையில் பட்டு கோலுக்குள் சென்றது. மத்தியஸ்தர் கோல் கொடுத்துவிட்டார். குளோசேயோ தாமே சென்று, பந்து என் கையில் பட்டது என்றார். கோல் நீக்கப்பட்டது. அன்று லாற்சியோ மூன்றுக்குப் பூச்சியமாகத் தோற்றது. உண்மைக்கு உடனே பரிசு கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறோமே, அந்தக் கதை அன்று நடக்கவில்லை. உண்மை சொன்னவருக்குக் கிடைத்தது பெருந்தோல்வி. ஆயினும் அந்தத் தோல்வியில் அவர் மறைக்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

முறையிடும் முறை

அப்படியானால் அநீதி கண்டவர் வாயடைத்து இருக்க வேண்டுமா? இல்லை. முறைப்பாட்டுக்கும் ஒரு முறை உண்டு.

அன்றே நடந்த மற்றோர் ஆட்டத்தில், மெக்சிக்கோவுக்கு எதிராக ஆர்ஜென்ரீனாவின் ரெவேஸ் தெளிவான ஓவ் சைட் நிலையிலிருந்து கோல் அடித்தார். அரங்கிலிருந்த பெரிய திரையில் அந்தக் காட்சி மீண்டும் காட்டப்பட்டது. கோல் தவறானது என்பதை எல்லாரும் கண்டார்கள். ஆயினும் திரையைப் பார்த்துத் தீர்ப்பை மாற்ற அக்கால விதி இடம் தரவில்லை. இங்கே குற்றம் யாருடையது? கண் தவறிய மனிதருடையதைவிட, உண்மை கண்முன்னே வந்தும் அதைப் பார்க்காதே என்று விதித்தவர்களுடையதே பெரிது. கோல் கோட்டைக் கண்காணிக்கும் கருவிகளை விதிகளை வகுக்கும் சர்வதேச சபை அவ்வாண்டு மார்ச் மாதந்தான் நிராகரித்திருந்தது. இவ்விரு ஆட்டங்களின் பின்னர் பீபா தலைவர் பிளாற்றர் இங்கிலாந்திடமும் மெக்சிக்கோவிடமும் மன்னிப்புக் கேட்டார். 2012 ஜூலையில் அதே சபை கருவிக்கு அனுமதி அளித்தது. 2014இல் பிறேசிலில் நடந்த உலகக் கிண்ணத்தில் அது பயன்பட்டது. 2018 முதல் காணொளி மூலம் தீர்ப்பை மறுபரிசீலிக்கும் ஏற்பாடும் உலகக் கிண்ணத்துக்கு வந்தது. உரிய இடத்தில் உரிய முறையில் எழுந்த முறைப்பாடு கூடத்தை ஓரளவு நேராக்கியது.

இதற்கு மாறான வழியும் உண்டு. 2005இல் சுவீடன் நாட்டு மத்தியஸ்தர் அன்டர்ஸ் ஃபிறிஸ்க், பார்சலோனாவுக்கும் செல்சிக்கும் நடந்த ஓர் ஆட்டத்தின் பின் தமக்கும் தம் குடும்பத்துக்கும் கொலை மிரட்டல்கள் வந்ததால் மத்தியஸ்தர் பணியையே விட்டு விலகினார். ஒருவர் ஒரு தீர்ப்பில் தவறினார் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு அவர் பிள்ளைகள் பயந்து நடுங்க வேண்டுமா? தவறு வேறு, குற்றம் வேறு. கண் பிழைப்பது தவறு. மனம் திரிவது குற்றம். தவறியவரைக் குற்றவாளியாக்கித் தண்டிக்கப் புறப்படும் இரசிகர், தமக்கு இழைக்கப்பட்டதைவிடப் பெரிய அநீதியைத் தாமே இழைக்கிறார்.

கூடம் நேரான பின்னர்

கருவி வந்தது, கூடம் நேராயிற்று. இனித் தோற்பவர் என்ன சொல்வார்? 2014 ஜூலை 8ஆம் திகதி பெலோ ஒரிசொன்ரே நகரில் இதற்கு விடை கிடைத்தது. சொந்த மண்ணில் ஆடிய பிறேசில், ஜேர்மனியிடம் ஏழுக்கு ஒன்றாகத் தோற்றது. முதல் ஐந்து கோல்களும் அரைமணி நேரத்துக்குள் விழுந்தன. மத்தியஸ்தரைக் குறை கூற அங்கே எதுவும் இல்லை. வேறு சாக்குகள் இருந்தன. நெய்மார் முந்திய ஆட்டத்தில் காயப்பட்டிருந்தார். தலைவர் தியாகோ சில்வாவுக்கு ஆடத் தடை. எனினும் பயிற்றுநர் ஸ்கொலாரி, அணியைத் தெரிந்ததும் ஆட்டமுறையை வகுத்ததும் தாமே, ஆகவே பொறுப்பும் தம்முடையதே என்றார். ஏழாவது கோல் விழுந்தபோது, அழுதுகொண்டிருந்த பிறேசில் இரசிகர்களில் பலர் அந்தக் கோலின் அழகுக்காகக் கைதட்டினார்கள். எத்தனையோ கிண்ணங்களை வென்ற நாடு அது. அந்தக் கைதட்டலும் அதன் பெருமைகளில் ஒன்றெனவே நான் எண்ணுகிறேன்.

நம் வீட்டுப் பிள்ளையும் ஒரு நாள் புழுதிக் காலோடு, கலங்கிய கண்ணோடு வந்து, 'மத்தியஸ்தர் எங்களை ஏமாற்றிவிட்டார்' என்று சொல்லும். அப்போது பழமொழியைச் சொல்லி அதன் வாயை அடைக்க அவசரப்படாதிருப்போம். முதலில் என்ன நடந்தது என்று கேட்போம். அநீதி நடந்திருந்தால், 'ஆம் மகனே, அது தவறுதான்' என்று ஒப்புக்கொள்வோம். தன் காயத்தை ஒருவரும் நம்பவில்லை என்று கண்ட பிள்ளை, வாழ்நாளெல்லாம் அந்தக் காயத்தையே காட்டிக்கொண்டு திரியும். அதை நம்பிய பின்னர்தான் அடுத்த கேள்வியைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டாகிறது: 'அந்த ஒரு கோல் அவருடைய பிழை. மற்ற நான்கும் எப்படி விழுந்தன?'

இந்தக் கேள்வியைப் பிள்ளையிடம் கேட்க முன் நம்மிடமே கேட்டுப் பார்ப்போம். நமக்கு வராமற்போன பதவி உயர்வு, முறிந்துபோன உறவு, தீராத காணி வழக்கு ஒவ்வொன்றிலும் நாம் காட்டும் கோணற்கூடம் ஒன்று இருக்கிறது. அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் மெய்தான். கூடத்தை நேராக்க உரிய இடத்தில் முறையிடுவோம். அது நேராகும்வரை நம் கால்களையும் பார்த்துக்கொள்வோம்.